நீலத் தட்டுக்கு வெறுந்தண்ணி

ராஜாம்பாள்: கூடையைக் கீழ வை நிர்மலா. வைன்னு சொல்றேன்…

நிர்மலா: நீ மொதல்ல தள்ளுக்கா. படிக்கட்டை மறிச்சிக்கிட்டு நின்னா நான் எப்படி…

ராஜாம்பாள்: பொறந்து ஒரு நாள் ஆவுல. இந்த வெயில்ல குஞ்சுங்களைத் தூக்கிக்கிட்டு…

நிர்மலா: துணி போட்டு மூடியிருக்கேன். காத்துப் போறதுக்கு இடம் விட்டிருக்கேன். தள்ளுக்கா, மணி ஆவுது.

ராஜாம்பாள்: எங்க தூக்கிக்கிட்டுப் போற, அதைச் சொல்லிட்டு எறங்கு.

நிர்மலா: எங்கயும் இல்ல. சொல்தா வீட்டம்மாகிட்ட.

ராஜாம்பாள்: பின்னாடித் தெருவுல பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குதே, அந்தம்மாவா? அது பூனை வளர்க்குது டீ. ஒண்ணு இல்ல, ரெண்டு.

நிர்மலா: பூனையை ரூம்ல போட்டுப் பூட்டச் சொல்லியாச்சு. ஒரு மணி நேரந்தான். கால்நடைக் காலேஜுப் பொண்ணு சுடர்விழி வந்து எண்ணிட்டுப் போனதும் நானே போய் எடுத்தாந்துடுவேன்.

ராஜாம்பாள்: கூடையில எத்தினி இருக்குது?

நிர்மலா: கொஞ்சந்தான்.

ராஜாம்பாள்: துணியைத் தூக்கி நான் எண்ணட்டா?

நிர்மலா: இருபத்து மூணு.

ராஜாம்பாள்: எந்தப் பெட்டியில இருந்து எடுத்த?

நிர்மலா: உனக்குத் தெரியாதா எந்தப் பெட்டின்னு.

ராஜாம்பாள்: நீ உன் வாயால சொல்லு.

நிர்மலா: நீலம். போதுமா?

ராஜாம்பாள்: போதாது. காலையில செவப்புப் பெட்டியில எண்பத்தெட்டு, நீலத்துல எண்பத்தாறு. நானும் நீயும் ஒக்காந்து எண்ணினோம். நீ ஒண்ணு ரெண்டுன்னு சொல்ல, நான் இந்தக் கையால எடுத்து விட்டேன். இப்ப செவுத்துல தொங்குற அட்டையைப் பார்த்தா நீலம் அறுபத்து மூணுன்னு இருக்குது. கண்ணாடி போட்டு ரெண்டு தடவை பார்த்தேன்.

நிர்மலா: மெல்லப் பேசுக்கா. கீழ மாமா தூங்கறாரு.

ராஜாம்பாள்: அவரு தூங்கட்டும். நீ இன்னா பண்ணி வச்சிருக்க.

நிர்மலா: அட்டையில மட்டும் இல்ல. காலையிலயே அந்தப் பொண்ணுக்குப் போன்லயும் அனுப்பிட்டேன். அதான் இருபத்து மூணை வெளிய எடுக்கறேன். இப்பப் புரிஞ்சுதா? தள்ளு.

ராஜாம்பாள்: படிச்சவடீ நீ. பன்னண்டாவது வரைக்கும் படிச்சவ.

நிர்மலா: படிச்சதாலதான் தெரியுது. நூறு முட்டைக்கு வைட்டமின் தண்ணி, நூறு முட்டைக்கு வெறுந்தண்ணி. அடை வைக்கிற அன்னிக்கு ஒரு தடவை, அப்புறம் ஏழு, பதினாலு, பதினெட்டு. நாலு தடவை முட்டை மேல பீச்சணும். மருந்து பீச்சுன செவப்புத் தட்டுல நெறைய பொரிக்கணும், நீலத்துல கொறைவா பொரிக்கணும். அப்பத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு காலேஜுல ஒத்துப்பாங்க. இப்ப எண்பத்தெட்டு, எண்பத்தாறுன்னு காட்டுனா இன்னா சொல்லுவாங்க? மருந்து தண்டம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

ராஜாம்பாள்: சொல்லிட்டுப் போவட்டும். நமக்கு நூத்தி எழுவத்து நாலு குஞ்சு இருக்குது. இதுக்கு முன்னாடி எப்பவாவது இத்தினி பார்த்திருக்கமா நாம?

நிர்மலா: குஞ்சு யாருக்குக்கா வேணும்…

ராஜாம்பாள்: பின்ன வேற எது வேணும் உனக்கு?

நிர்மலா: மிஷினு.

ராஜாம்பாள்: இருக்கற மிஷினு ஓடிக்கிட்டுத்தான இருக்குது.

நிர்மலா: இது எரநூறு முட்டை மிஷினு. காலேஜுல ஆயிரம் முட்டை மிஷினு குடுக்கறாங்க. எந்த வூட்டுல மருந்து நல்லா வேலை செஞ்சுதோ அந்த வூட்டுக்கு மொதல்ல. உனக்கு நான் சொல்லல. ஆவட்டும், வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்துட்டேன்.

ராஜாம்பாள்: என்கிட்ட மறைச்சியா நீ.

நிர்மலா: உன்கிட்ட மட்டுமா, பெத்த பொண்ணுகிட்டயும் சொல்லல. அபி பேர்ல எழுதிக் குடுத்திருக்கேன்.

ராஜாம்பாள்: அபி பேர்லயா…

நிர்மலா: அவ பேர்லதான். போலீஸ் வேலைன்னு ஆசைப்பட்டு வுழுந்து எழுந்து ஓடினா. நாலு மாசம் விடியக்காத்தால பீச்சுல ஓடினா. ஓட்டத்துல ஜெயிச்சா, எட்டித் தாண்டினா. கடைசியில செவுத்து ஓரமா நிக்க வச்சு ஒசரம் பார்த்தாங்க. ஒண்ணரை சென்டிமீட்டர் கம்மி. எம்மாந்தூரம்க்கா அது? என் சுண்டுவெரல் நகம் இருக்குமா?

ராஜாம்பாள்: நிர்மலா…

நிர்மலா: இப்ப நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் துணிக்கடையில நின்னு நைட்டி மடிக்கிறா. மேல் தட்டுல இருக்கற துணியை எடுக்க முக்காலி போட்டுக்கறா. அதைச் சொல்லி அந்தக் கடையில ஒருத்தன் கிண்டல் பண்றானாம். அவளுக்குன்னு ஒரு தொழில் இருக்கட்டும்னு பார்த்தேன். அதுக்குத்தான் அறுபத்து மூணு. ஆசைக்கு எழுதல.

ராஜாம்பாள்: அபிக்குன்னு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா…

நிர்மலா: தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப? நீ ஏன் அழுவற இப்ப?

ராஜாம்பாள்: அழல. பெட்டித் தூசி.

நிர்மலா: அன்னிக்கும் இதே கதைதான். அளவுல தோத்துட்டு வந்த அன்னிக்கு, பெத்தவ நான் ரெண்டு இட்லி தின்னுட்டேன். நீ ரெண்டு நாள் சோத்தைத் தொடல. கொழுந்தனார் பொண்ணுக்கு எந்தப் பெரியம்மா இப்படிக் கெடந்திருக்கா? உன் கொழுந்தனாரு கூடச் சொன்னாரு, அண்ணிக்குத்தான்டீ வலிக்குதுன்னு.

ராஜாம்பாள்: அதையெல்லாம் இப்ப எதுக்கு எடுக்கற.

நிர்மலா: சும்மா சொன்னேன். ஒசரத்துக்கு நாம இன்னா பண்ண முடியும். எங்க அம்மா வூட்டுல எல்லாரும் குள்ளம். எங்க அண்ணன் கல்யாணத்துல மாலை போடறதுக்குப் பொண்ணு குனிஞ்சா. உன் புள்ளை வெற்றிச்செல்வன் நெடுநெடுன்னு வளர்ந்தான், நின்னான், ஆறு சென்டிமீட்டர் மிச்சம், போலீஸ் ஆயிட்டான். அது அவன் வாங்கி வந்த வரம்.

ராஜாம்பாள்: வரமாவது ஒண்ணாவது.

நிர்மலா: அதை விடு. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நீலம் எப்படிக்கா எண்பத்தாறு வந்துச்சு?

ராஜாம்பாள்: முட்டை நல்ல முட்டை.

நிர்மலா: ரெண்டு வருஷமா அதே கோழிங்க போட்ட முட்டைதான் வைக்கிறோம்.

ராஜாம்பாள்: இந்த மாசம் கரண்ட்டு போவல.

நிர்மலா: போன மாசமும் போவல. நூத்துக்கு அறுபத்தஞ்சைத் தாண்டினதே இல்ல நமக்கு. வெறுந்தண்ணி பட்டதுக்கே எண்பத்தாறு பொரிக்குதுன்னா, நம்ம கொழாத் தண்ணியை பாட்டில்ல புடிச்சி விக்கலாம்.

ராஜாம்பாள்: வித்துட்டுப் போ.

நிர்மலா: இரு. என்னைப் பாரு… ஏன் பெட்டியையே பார்த்துக்கிட்டு நிக்கற? மருந்து கலந்து ரெண்டு பாட்டில்ல ரொப்பி வச்சது நானு. செவப்பு மூடி மருந்து, நீல மூடி வெறுந்தண்ணி. பீச்சினது நீ. நாலு தடவையும் நீதான். நான் கடைக்குப் போயிருப்பேன், இல்ல முட்டை வாங்கப் போயிருப்பேன்…

ராஜாம்பாள்: குண்டான்ல ஊத்தினேன்.

நிர்மலா: எதை?

ராஜாம்பாள்: ரெண்டையும். செவப்பு மூடி, நீல மூடி, ரெண்டு பாட்டிலையும் ஒரு குண்டான்ல ஊத்தி, கரண்டியால கலக்கி, திரும்ப ரெண்டுலயும் ரொப்பினேன். அதைத்தான் பீச்சினேன்.

நிர்மலா: எத்தினி தடவை?

ராஜாம்பாள்: நாலு தடவையும்.

நிர்மலா: அடிப்பாவி அக்கா… ஏன்?

ராஜாம்பாள்: பாவமா இருந்துச்சு.

நிர்மலா: யாரு மேல பாவம்?

ராஜாம்பாள்: நீலத் தட்டு மேல.

நிர்மலா: முட்டைக்கா? எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. நேத்து ராத்திரி தோசை மேல ரெண்டை ஒடைச்சி ஊத்தி மாமாவுக்குக் குடுத்தியே, அது முட்டை இல்லாம கத்திரிக்காயா?

ராஜாம்பாள்: அது வேற. இது உசுரு புடிச்ச முட்டை. ஏழாம் நாள் லைட்டுல வச்சுப் பார்த்தமே, உள்ள செவப்பா நரம்பு ஓடி, புள்ளி மாதிரி துடிச்சுதே. ரெண்டு தட்டுலயும் அதே துடிப்பு. ஒரே மிஷினு, ஒரே சூடு. இந்தத் தட்டுக்கு ஊட்டம், பக்கத்துத் தட்டுக்கு ஒண்ணும் இல்லாத தண்ணி. அதுக்குத் தெரியவா போவுது, தனக்கு ஊத்துறது இன்னான்னு. என் கை வரல டீ. அந்தப் பொடியைத் தண்ணியில போட்டதும் ஒரு வாசனை அடிச்சுது பாரு, அப்பவே குண்டானை எடுத்து வச்சிட்டேன்.

நிர்மலா: இன்னா வாசனை, ஆஸ்பத்திரி வாசனை. எல்லா வைட்டமினுக்கும் அதே வாசனைதான். அபிக்குக் கைக்கொழந்தையில கோரிமேட்டு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த சொட்டு மருந்தும் அதே வாசனைதான் அடிக்கும்.

ராஜாம்பாள்: …ஆமா.

நிர்மலா: அந்த வாசனைக்கே மத்தப் புள்ளைங்க ஓடும். என் கூட வேலை செஞ்ச துர்காவோட பொண்ணு பாதியை மேல துப்பிடும்னு அவ அழுவா. அபி மட்டும் சப்புக் கொட்டிக்கிட்டுக் குடிக்கும்னு நீ சொல்லுவியே, நான் சேதராப்பட்டு கம்பெனியில பொண்ணுங்ககிட்ட எல்லாம் பெருமை பேசுவேன். ஒண்ணே முக்கா கிலோவுல பொறந்தது. ஒரு வருஷம் வுடாம குடுத்தாத்தான் தேறும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் ஷிஃப்டுக்குப் போயிடுவேன். நீ இல்லன்னா ஒரு வேளையாவது ஒழுங்கா உள்ள போயிருக்குமா? பாட்டில் தீர்ந்து தீர்ந்து புதுசு வாங்குவோம். அப்படிக் கணக்கா குடுத்த கை, இப்ப…

ராஜாம்பாள்: போதும் டீ.

நிர்மலா: நல்லதுதான சொல்றேன்.

ராஜாம்பாள்: அதான் போதும்ங்கறேன்.

நிர்மலா: கோவம் வருதா உனக்கு? நியாயமா எனக்குத்தான் வரணும். சரி, நீ கலக்குனது கலக்குனதாவே இருக்கட்டும். யாருக்கும் தெரியாது. நான் கூடையை எடுத்துக்கிட்டுப் போறேன். செவப்பு எண்பத்தெட்டு, நீலம் அறுபத்து மூணு. மிஷினு வரும், அபி ஒக்காருவா. அதோட முடிஞ்சுது.

ராஜாம்பாள்: முடியாது.

நிர்மலா: ஏன் முடியாது?

ராஜாம்பாள்: ஒரு தடவை மூடுனா அது மூடினதாவா கெடக்கும்? உள்ளயே கத்திக்கிட்டு இருக்கும். இந்தக் கூடை மாதிரி.

நிர்மலா: இன்னாவோ பேசற நீ இன்னிக்கு… அய்யோ, வண்டிச் சத்தம். மணி இன்னும் மூணரை ஆவுலயே. கூடையை அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால தள்ளு. தள்ளுக்கா.

ராஜாம்பாள்: மாட்டேன்.

நிர்மலா: நான் தள்ளிக்கிறேன். நீ வாயைத் தொறக்காத, அது போதும். …வாம்மா சுடர். மேல வா. சீக்கிரமே வந்துட்ட.

சுடர்விழி: வகுப்பு சீக்கிரம் விட்டுட்டாங்க நிர்மலாக்கா. எனக்கும் இருப்புக் கொள்ளல. இந்தாங்க, அல்வா. ராஜாம்பாக்கா, நீங்க எடுத்துக்குங்க மொதல்ல. உங்க கையாலதான பீச்சினீங்க.

ராஜாம்பாள்: எனக்கு வேணாம்மா.

சுடர்விழி: சர்க்கரை இருக்கா உங்களுக்கு?

நிர்மலா: அக்காவுக்கு… பல்லு வலி. நீ ஒக்காரு.

சுடர்விழி: ஒக்கார நேரமில்லக்கா. காலையில உங்க மெசேஜைப் பார்த்துட்டு எங்க சார்கிட்ட ஓடினேன். இருபத்தஞ்சு குஞ்சு வித்தியாசம்னு சொன்னா அவரு நம்பல. நேர்ல போய் ரெண்டு பெட்டியையும் எண்ணு, எடை போடு, வீடியோ எடுன்னு அனுப்பிட்டாரு. மிஷினு லிஸ்ட் இன்னிக்குச் சாயந்தரம் போவுது. மொதப் பேரு அபிதான்.

நிர்மலா: மொதப் பேரா…

சுடர்விழி: ஆமாக்கா. அடுத்த மாசம் பதினஞ்சு ஊர்ல பொம்பளைங்க குழுவுக்கு இந்த மருந்தைக் குடுக்கப் போறோம். பாதிப் பணம் அவங்க போடணும். எல்லாம் உங்க வூட்டுல பொரிச்ச நம்பரை வச்சுத்தான்.

ராஜாம்பாள்: அவங்க பணம் போடணுமா?

சுடர்விழி: பாக்கெட்டுக்குக் கொஞ்சந்தான். வேலை செய்யற மருந்துன்னா தயங்க மாட்டாங்க. இந்த அட்டைதான நீங்க எழுதறது? இதோட போட்டோவைச் சார் வகுப்புலயே காட்டினாரு தெரியுமா? இருபத்தோரு நாள், காலையில சூடு எவ்ளோ, சாயந்தரம் சூடு எவ்ளோ, ஒரு அடித்தல் இல்ல. படிக்கிற பசங்களே இப்படி எழுதறது இல்ல, ஒரு வூட்டம்மா எழுதியிருக்காங்க பாருங்கன்னு… நிர்மலாக்கா?

நிர்மலா: இன்னாம்மா.

சுடர்விழி: எங்கயோ குஞ்சு கத்துது. பெட்டி இந்தப் பக்கம் இருக்குது, சத்தம் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்து வருது.

நிர்மலா: அது… பக்கத்து மாடி.

சுடர்விழி: பக்கத்து மாடியிலயும் பொரிக்கிறாங்களா?

நிர்மலா: …இல்ல.

சுடர்விழி: அக்கா?

நிர்மலா: அங்கதான் இருக்குது. கூடையில. இருபத்து மூணு. நீலப் பெட்டியில இருந்து நான் எடுத்து ஒளிச்சு வச்சேன். அறுபத்து மூணு நான் எழுதுன பொய்யி. வந்தது எண்பத்தாறு. அந்த அட்டையை உங்க சாரு யாருக்கும் இனிமே காட்ட வேணாம்னு சொல்லு.

சுடர்விழி: எண்பத்தாறா…

நிர்மலா: உன் மூஞ்சியைப் பார்க்க முடியலம்மா என்னால.

சுடர்விழி: எண்பத்தெட்டு, எண்பத்தாறு. அப்ப மருந்துல ஒண்ணுமே இல்லையா? மூணு வருஷம்க்கா. மூணு வருஷமா இதுல தான்…

ராஜாம்பாள்: மருந்து மேல தப்பு இல்ல பாப்பா. அவ மேல கூட இல்ல. என் மேல.

நிர்மலா: அக்கா, நீ சும்மா இரு. நான் சொல்லிட்டேன்ல. ஒருத்தி பட்டது போதும்.

ராஜாம்பாள்: ரெண்டு பாட்டிலையும் நான் ஒண்ணாக் கலந்துட்டேம்மா. ரெண்டு தட்டுக்கும் ஒரே தண்ணிதான் போச்சு.

சுடர்விழி: தெரியாம மாறிப்போச்சா?

ராஜாம்பாள்: தெரிஞ்சுதான். தெரிஞ்சு, நாலு தடவை.

சுடர்விழி: ஏங்க்கா? நான் எதாவது தப்பா நடந்துக்கிட்டனா உங்ககிட்ட?

ராஜாம்பாள்: நீ இன்னாம்மா பண்ணுவ. ஒரு தட்டுக்கு மட்டும் வெறுந்தண்ணி ஊத்த மனசு வரல. அவ்ளோதான்.

சுடர்விழி: ஒரு தட்டு வெறுந்தண்ணியா இருந்தாத்தான்க்கா, மருந்தால வந்தது எது, தானா வந்தது எதுன்னு தெரியும். நீங்க ரெண்டுக்கும் நல்லதுன்னு பண்ணிட்டீங்க. இப்ப எனக்கு ரெண்டுமே ஒண்ணும் சொல்லாது. இருங்க… ரெண்டையும் சமமாக் கலந்தீங்களா?

ராஜாம்பாள்: ரெண்டு பாட்டிலும் ரொம்பி இருந்துச்சு.

சுடர்விழி: அப்ப பாதி வீரியம். பாதியிலயே எண்பத்தாறு வந்திருக்கு. உங்களுக்கு எப்பவும் அறுபத்தஞ்சுதான… பாதி அளவே போதும் போல இருக்கே.

நிர்மலா: அப்படின்னா நல்லதுதானம்மா? மருந்து மிச்சம்.

சுடர்விழி: இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தடவை முட்டையே நல்லாருந்துதோ என்னவோ, யாரு கண்டா? ஒப்பிட ஒரு தட்டு இல்லையே. மறுபடியும் மொதல்ல இருந்து செய்யணும்.

நிர்மலா: நாங்க செஞ்சு குடுக்கறோம். ஒழுங்கா செய்யறோம். அந்த லிஸ்டு மட்டும்…

சுடர்விழி: அபி பேரை எடுத்துடணும்க்கா.

நிர்மலா: மொதப் பேரு வேணாம். கடைசியில வையேன்.

சுடர்விழி: இல்லாத நம்பரை வச்சு எப்படிக்கா? அந்தப் பதினஞ்சு ஊர்ப் பொம்பளைங்க நாளைக்கு என்னைக் கேப்பாங்க. அடுத்த வருஷம் திட்டம் வந்தா வரும். வருமான்னு எனக்கே தெரியாது.

நிர்மலா: …சரிம்மா.

சுடர்விழி: என் மேலயும் தப்பு இருக்கு. உங்க மெசேஜைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேக்கல நான். எனக்கு வேண்டிய நம்பர் வந்ததும் அல்வா வாங்கக் கெளம்பிட்டேன். சார் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியல.

ராஜாம்பாள்: என் பேரைச் சொல்லு. ஒண்ணும் தெரியாத பொம்பளை கெடுத்துட்டான்னு சொல்லு.

சுடர்விழி: உங்களைச் சொல்லி நான் தப்பிக்கணுமா? வேணாம்க்கா. அடுத்த தடவை பாட்டில்ல வெறும் நம்பர் மட்டும் ஒட்டிக் குடுத்துடறேன். ஒண்ணு, ரெண்டுன்னு. எதுல மருந்து, எதுல தண்ணின்னு ஊத்தறவங்களுக்கே தெரியாது. அப்ப யாருக்கும் பாவமா இருக்காது.

ராஜாம்பாள்: ஊத்தறவளுக்கே தெரியாதா…

சுடர்விழி: தெரியாது. அதான் சரியான மொறை. நான்தான் உங்க ரெண்டு பேரையும் நம்பி மூடிக்குக் கலர் போட்டுட்டேன். சரி, கீழ போய்த் தராசை எடுத்துட்டு வரேன். வந்ததுக்கு எடையாவது போட்டுட்டுப் போறேன். சார்கிட்டயும் இப்பவே பேசிடறேன். அந்தக் கூடையைத் தொறந்து விடுங்கக்கா, பாவம், கத்துது.

நிர்மலா: எறங்கிப் போவுது பாரு. படிக்கட்டுல நின்னு கண்ணைத் தொடைக்குது.

ராஜாம்பாள்: பார்த்தேன்.

நிர்மலா: அல்வாவை இங்கயே வச்சிட்டுப் போயிடுச்சு.

ராஜாம்பாள்: குஞ்சைப் பெட்டியில வுடு நிர்மலா. ஒண்ணு தலை சாய்ச்சிருக்குது.

நிர்மலா: வுட்டுட்டேன். அது சும்மா தூங்குது. …இனிமே துணிக்கடையில நின்னே அவ காலம் போவட்டும். முக்காலி மேல ஏறி ஏறி எறங்கட்டும்.

ராஜாம்பாள்: அப்படிச் சொல்லாத.

நிர்மலா: வேற எப்படிச் சொல்லணும்? கண்ணு முழிக்காத முட்டைக்குப் பாவம் பார்த்த. நீ தூக்கி வளர்த்த புள்ளை, அவளுக்கு வர இருந்தது போச்சே. அவளுக்குப் பாவம் பார்த்தியா நீ?

ராஜாம்பாள்: அவளை நெனச்சுத்தான் டீ கலக்கினேன்.

நிர்மலா: யாரை? அபியையா? மிஷினு அவ பேர்லன்னே உனக்கு இப்பத்தான் தெரியும். அவளை நெனச்சு எப்படிக் கலக்குவ?

ராஜாம்பாள்: ரெண்டு பாட்டில். ஒண்ணுல மருந்து, ஒண்ணுல தண்ணி. கையில எடுத்ததும் அவ மொகம்தான் வந்துச்சு. இன்னொரு தடவை இந்தக் கை அதைச் செய்யக் கூடாதுன்னு…

நிர்மலா: இன்னொரு தடவையா?

ராஜாம்பாள்: இப்பப் பாரு, மறுபடியும் அவளுக்கே வந்து விடிஞ்சுது. ரெண்டு தடவையும் என் கையால.

நிர்மலா: அக்கா, நேராப் பேசு. எனக்குப் பயமா இருக்குது.

ராஜாம்பாள்: அந்தச் சொட்டு மருந்து கசக்கும் நிர்மலா. இரும்பைக் கரைச்ச மாதிரி இருக்கும். நாக்குல வச்சுப் பார்த்திருக்கேன். எந்தப் புள்ளையும் அதைச் சப்புக் கொட்டிக் குடிக்காது. வெற்றி துப்புவான். மூக்கைப் புடிச்சிக்கிட்டு ஊத்தணும் அவனுக்கு.

நிர்மலா: வெற்றிக்கா? …வெற்றிக்கு யாருக்கா மருந்து எழுதிக் குடுத்தாங்க?

ராஜாம்பாள்: யாரும் எழுதிக் குடுக்கல. அவனுக்கும் அப்ப நெஞ்செலும்பு எண்ணலாம், எனக்குப் பொறுக்கல. அபி பாட்டிலைக் கவுத்து அவனுக்கு ஊத்திட்டு, அதுல சர்க்கரைத் தண்ணியை ரொப்பி வைப்பேன். ஒரு வருஷம், ஒரு வேளை தப்பாம. அது சப்புக் கொட்டிக்கிட்டுக் குடிக்கும் நிர்மலா… குடிச்சிட்டு, இன்னும் குடுன்னு வாயைத் தொறந்துக்கிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கும்.